முந்நூறு ரூபாய் மிச்சம்

ஒரு வீட்டில் ஒருத்திக்குச் சம்பளம் கூடினால் அந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் வரும். செலவழிக்கிறவர்களுக்கு முதலில் வரும், சம்பாதித்தவளுக்குக் கடைசியில் வரும். பேச்சிராஜ் வீட்டில் அது கடைசிவரைக்கும் வந்து சேரவே இல்லை.

போன வாரம் அவன் மனைவி இசக்கிசெல்வியின் கையில் சம்பள உயர்வு ஆர்டர் வந்ததோடு நிறுத்தியிருந்தேன். சங்கரன்கோவிலில் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் அவள் இளநிலை உதவியாளர். துறைத் தேர்வு பாஸாகாததால் நான்கு வருடமாக நின்றுபோயிருந்த இன்கிரிமென்ட் எல்லாம் சேர்ந்து, இந்த மாதம் முதல் எட்டாயிரத்து இருநூறு ரூபாய் கூடுகிறது. அவள் மூன்று தடவை பெயிலானது மூளை இல்லாமல் அல்ல. முதல் தடவை நாத்தனாருக்கு வளைகாப்பு. இரண்டாவது தடவை கணவனின் அண்ணன் மருதப்பன் வீட்டுப் பால்காய்ப்பு. மூன்றாவது தடவை மாமனாருக்கு வருஷத் திதி. பரீட்சை எங்கே போகிறது, அடுத்த தடவையும் வரும் என்று சொல்லிச் சொல்லி அவளை அடுப்படியில் உட்கார வைத்தார்கள். நான்காவது தடவை யாரிடமும் சொல்லாமல் போய் எழுதினாள், பாஸானாள்.

சம்பளம் கூடியதைப் புருஷனிடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். பேச்சிராஜ் தலையை ஆட்டினான். பேச்சிராஜின் தலை எதற்கும் ஆடும். அண்ணன் சொன்னாலும் ஆடும், மனைவி சொன்னாலும் ஆடும், தறிக்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளி கூலியைக் குறைத்தாலும் ஆடும். பத்து வருடம் குடித்தனம் நடத்திய பிறகும் அந்தத் தலையாட்டலை நம்பினாளே, அந்த ஒரு விஷயத்தில் செல்வியைக் கெட்டிக்காரி என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. மாதத்தின் கடைசி நாள், சம்பளம் ஏறுகிற நாள். சாயங்காலம் மாடசாமி கோயிலில் பந்தலுக்குக் கால்நாட்டு. அடுத்த செவ்வாய் கொடைத் திருவிழா.

காலையில் ஒரு பழைய சர்க்குலரின் பின்பக்கத்தில் செல்வி தன் திட்டத்தை எழுதியிருந்தாள். எழுதுவதற்கு நிறைய ஒன்றும் இல்லை. கூடின எட்டாயிரத்து இருநூறோடு வீட்டுச் செலவில் இழுத்துப் பிடித்து ஆயிரத்து எண்ணூறு சேர்த்தால் பத்தாயிரம். மாதம் பத்தாயிரம் வீதம் பதினைந்து மாதம் ஆயிஷாவுக்கு. அது முடிந்த அடுத்த மாதமே அதே பத்தாயிரம் மகள் பேரில் தபால் ஆபீசில் ஆர்.டி. அவ்வளவுதான். கடன் முடியாமல் சேமிப்பு என்று பேசுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது என்று அவளுக்குத் தோன்றியது. சரியாகத்தான் தோன்றியிருக்கிறது.

ஆயிஷா சித்திகா அவள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி. கடையநல்லூரிலிருந்து தினமும் வந்து போகிறவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பேச்சிராஜின் தறி மோட்டார் புகைந்து, கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து கெட்ட வார்த்தை பேசிய மறுநாள், செல்வி கேட்காமலேயே ஆயிஷா ஒன்றரை லட்சத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. வட்டி வாங்குவது அவர்களுக்கு ஹராம். துபாயில் வெயிலில் நின்று அவள் கணவர் சம்பாதித்து அனுப்பிய காசு அது.

இந்த இரண்டு வருடத்தில் அந்தக் கடனில் ஒரு ரூபாய் குறையவில்லை. வட்டிக் கடன்களை எல்லாம் ஓடி ஓடி அடைத்தார்கள். கடித்தவனுக்கு எலும்பு போட்டார்கள், கடிக்காதவளுக்கு ஒன்றுமில்லை. அதை நினைத்தால் ஆபீசில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கச் செல்விக்கு வெட்கமாக இருந்தது.

திட்டத்தைப் புருஷனிடம் காட்டினாள். அவன் தறியில் நூல் ஓட்டுகிற நாடாவை மாட்டிக்கொண்டே பார்த்தான். நாலு தறியில் இரண்டுதான் ஓடுகிறது. தலை ஆடியது.

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது.

மருதப்பன் இடத் தரகு பார்க்கிறவன். மாவு மாதிரி வெள்ளைச் சட்டை, பையில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு வெளியே தெரியும்படி வைத்திருப்பான். ஒரே நோட்டைத்தான் மாதக்கணக்கில் வைத்திருக்கிறான் என்பது என் சந்தேகம். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் வரைக்கும் கரிசல் காட்டில் எத்தனை கல் நட்டு, எத்தனை நகர் பேர் வைத்து, எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறான் என்று கணக்கில்லை. வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு உண்டு, அதை அவன் சொல்ல மாட்டான்.

உட்கார்ந்ததும் செல்வியைப் பார்த்துச் சிரித்தான். "செல்வி, சம்பளம் கூடியிருக்காம்லா. வீட்டுப் பெரியவன் ஊர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு" என்றான்.

செல்வி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நாடாவுக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

மருதப்பன் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து கடன் விண்ணப்பம் ஒன்றை எடுத்து டிவிப் பெட்டி மேல் வைத்தான். பெயர், அலுவலகம், பதவி எல்லாம் அவனே நிரப்பிவிட்டான். கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தான். புதுச் சம்பளத்துக்கு ஒரு சான்று மட்டும் ஆபீசில் வாங்கிக் கொடுத்தால் போதுமாம், மூன்று லட்சம் இரண்டே நாளில் கணக்கில் ஏறிவிடுமாம். ஏஜென்ட் அவனுக்கு வேண்டியவனாம்.

எதற்கு மூன்று லட்சம் என்று செல்வி கேட்டாள்.

அதற்குத்தான் காத்திருந்தவன் மாதிரி அவன் விளக்கினான். கோயிலுக்கு இரும்பு கேட், ஒரு லட்சத்து இருபதாயிரம். மீதி ஒரு லட்சத்து எண்பதாயிரம் அவன் புதிதாகப் போடப்போகிற நகரில் ஒரு மனைக்கு அட்வான்ஸ். மனை யார் பேரில் என்று மட்டும் சொல்லவில்லை. சாமி காரியமும் ஆச்சு, சேமிப்பும் ஆச்சு என்றான்.

"நாலு வருசத்துக்கு மாசம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் கட்டணும். ஒனக்குக் கூடுனது எட்டாயிரத்து இருநூறு. பழைய சம்பளத்துல ஒத்த ரூவா தொடலயே நாங்க. முந்நூறு ரூவா ஒனக்கு மிச்சம்லா" என்றான்.

முந்நூறு ரூபாயை அவளுக்கு விட்டுக்கொடுத்த பெருமை அவன் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. இப்படி ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படி நிதானமாக நின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் உறையை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

ஆயிஷாவின் கடன் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

"அது வட்டி இல்லாத கடன்மா. அவ கேக்கவா செய்தா? வட்டி இல்லாதது எங்க போவப்போவுது, அப்படியே கெடக்கும்" என்றான் மருதப்பன்.

பேச்சிராஜின் தலை ஆடியது. இப்போது அண்ணனுக்காக.

போகும்போது மருதப்பன் கொடை நோட்டீஸ் ஒன்றை வைத்துவிட்டுப் போனான். மஞ்சள் தாள். ஐந்நூறு பிரதி அடித்து ஊருக்குள் கொடுத்தாகிவிட்டது. செல்வி அதை வாசித்தாள். வில்லுப்பாட்டு, மேளம், அன்னதானம் எல்லாம் தாண்டி நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது: இரும்பு கேட் உபயம், சி. மருதப்பன், நில வணிகர்; சி. பேச்சிராஜ், விசைத்தறி அதிபர்.

நாலில் இரண்டு தறி ஓடாத அதிபரைச் செல்வி பார்த்தாள். அதிபர் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.

அவள் பேர் அந்த நோட்டீசில் எங்கேயும் இல்லை.

*

அலுவலகத்தில் பதினொரு மணிக்குப் போனில் சத்தம் வந்தது. சம்பளம் ஏறிவிட்டது. செல்வி எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை ஆயிஷா பக்கம் திருப்பி, இன்று சாயங்காலத்திலிருந்து மாதம் பத்தாயிரம் தருகிறேன், பதினைந்து மாதத்தில் முடித்துவிடுகிறேன் என்றாள். இரண்டு வருடத்தில் அந்தக் கடனைப் பற்றி அவளாக வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

ஆயிஷா ஃபைலை மூடினாள். கொஞ்சம் குழம்பினவள் மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்தாள். "பத்துப் பத்தா வேற எதுக்கு? சரி, ஒன் இஷ்டம். ஆனா செல்வி, எதுனாலும் நீயே எங்கிட்ட கேக்கலாம். எனக்கும் ஒனக்கும் இடையில என்ன வெக்கம்?" என்றாள்.

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. கடனைத் திருப்பித் தருகிறவளிடம் இன்னும் வேண்டுமானால் கேள் என்று சொல்கிற மனசு யாருக்கு இருக்கிறது என்று நினைத்தாள். அந்தப் பேச்சுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆயிஷாவின் கணவர் நாளை மறுநாள் துபாயை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருகிறார். கடையநல்லூர் பஜாரில் ஒரு கடை பார்த்திருக்கிறார்கள். பதினெட்டு வருடம் அங்கே கிடந்தது போதும் என்று சொல்லிவிட்டாராம். பணம் அவசரமாகத் தேவைப்படுமா என்று செல்வி பயந்துகொண்டே கேட்டாள். அதெல்லாம் இன்ஷா அல்லாஹ் சரியாக வந்துவிடும் என்று ஆயிஷா சொன்னாள். அவள் அதைச் சொன்ன நிம்மதியில் செல்வியும் நிம்மதியாகிவிட்டாள்.

சம்பளச் சான்று வாங்க வேண்டிய வேலையை அவள் அன்று செய்யவில்லை. மதியம் மருதப்பன் மூன்று தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

*

மாடசாமி கோயிலில் வரி நோட்டு சண்முகையா அண்ணாச்சி கையில்தான். முப்பது வருடமாக அவர்தான் எழுதுகிறார். கல்யாணமான ஆண் ஒருத்தனுக்கு ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு மூவாயிரம் வரி. உபயம் தனி. அவர் யாருக்கும் வேண்டியவர் இல்லை, வேண்டாதவரும் இல்லை. வழக்கம் என்ற ஒன்று போதும் அவருக்கு. வரியோ உபயமோ பாக்கி வைத்தவன் பேரைக் கொடையன்று மைக்கில் வாசிப்பது அவர் கொண்டுவந்த வழக்கம். சொந்த மருமகன் பேரையே ஒரு வருடம் வாசித்திருக்கிறார்.

பந்தலுக்குக் கால் நட்டு முடிந்தது. ஆண்கள் ஒரு பக்கம் ஜமுக்காளத்தில், பெண்கள் மறுபக்கம் வெறும் மணலில். வெற்றிலைத் தட்டு நடுவில். கால் நட்ட இடத்தில் உபயம் சொல்கிறவன் தட்டில் ஒரு ரூபாய் வைத்தால் சொல் உறுதி. வைத்தபின் மாற்ற முடியாது.

மருதப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு. பக்கத்தில் பேச்சிராஜ்.

சண்முகையா அண்ணாச்சி நோட்டைப் பார்த்து வாசித்தார். இரும்பு கேட், மருதப்பன், பேச்சிராஜ், ஒரு லட்சத்து இருபதாயிரம். ஜமுக்காளத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. மருதப்பன் எழுந்து எல்லோரையும் ஒரு தடவை பார்த்து, பட்டறையில் வேலை தொடங்கியாகிவிட்டது, நாற்பதாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது என்று அறிவித்தான். மருதப்பன் கையிலிருந்து நாற்பதாயிரம் வெளியே வந்ததா என்று செல்விக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் ஒரு ரூபாயை எடுத்துக் குனிந்தான்.

"அண்ணாச்சி, ஒரு விசயம் கேக்கணும்" என்று செல்வி எழுந்தாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தால் தண்ணீர் வேண்டுமோ, பிள்ளை காணவில்லையோ என்றுதான் ஆண்கள் திரும்புவார்கள். அப்படித்தான் திரும்பினார்கள்.

"அந்த கேட்டுக்கு என் சம்பளத்த வச்சுக் கடன் வாங்கித்தான் பணம் வரணும்னு வீட்டுல பேசியிருக்காக. கட்டப்போறது நான். அப்ப என் பேரையும் நோட்டுல எழுதுங்க அண்ணாச்சி" என்றாள்.

மருதப்பனின் கை தட்டுக்கு மேலேயே நின்றது.

சண்முகையா அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை இறக்கினார். அவருக்குக் கோபம் இல்லை. சட்டப் புத்தகத்தில் பக்கம் தேடுகிறவர் மாதிரி யோசித்தார். "பொம்பளைக பேர்ல வரியும் எழுதுறதில்ல, உபயமும் எழுதுறதில்லம்மா. இங்கன அப்படி வழக்கம் இல்ல" என்றார்.

"நான் வழக்கத்த மாத்தச் சொல்லல அண்ணாச்சி. என் பேரு ஏறாத நோட்டுல என் பணமும் ஏற வேண்டாம். எங்க வீட்டு வரி மூவாயிரம், அது அவுக தறியில சம்பாதிச்சது, எழுதிக்கோங்க. இரும்பு கேட்டு யாரு பேர்ல இருக்கோ அவுக குடுத்துக்கிடட்டும்."

பெண்கள் பக்கம் யாரோ செருமினார்கள்.

"ஆம்பளைக பேசுத எடத்துல இவளுக்கு என்ன" என்று மருதப்பன் தொடங்கினான். முகம் கறுத்துவிட்டது. தம்பியைப் பார்த்தான். தம்பி மணலைப் பார்த்தான்.

"அது கெடக்கட்டும் மருதப்பா. நான் ஒன்னயக் கேக்கேன். மிச்சம் எண்பதாயிரம் ஒங் கையில இருக்கா?" என்றார் அண்ணாச்சி.

கொடைக்குள் வந்துவிடும் என்றான் மருதப்பன். எங்கிருந்து வரும் என்றார் அவர். ஒரு மனை விற்க இருக்கிறது என்றான். ஜமுக்காளத்தில் பின்வரிசையில் நாலு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவனிடம் மனை வாங்கிப் பத்திரத்துக்கு அலைகிறவர்கள் அவர்கள். இத்தனை நாள் அவன் சட்டையைப் பார்த்து எழுந்து நின்றவர்களும் அவர்கள்தான், அவர்களைப் பற்றியும் எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

சண்முகையா அண்ணாச்சி பேனாவை எடுத்து மருதப்பன் பேருக்கு எதிரே ஒரே ஒரு சொல் எழுதினார். எழுதியதை வாசிக்கவும் செய்தார். "பாக்கி."

தட்டில் ரூபாய் விழாவிட்டாலும் அச்சடித்தது அச்சடித்ததுதான், ஐந்நூறு மஞ்சள் நோட்டீஸ் ஊருக்குள் கிடக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை மைக்கில் அதே பேர் இந்தச் சொல்லோடு வாசிக்கப்படும். மருதப்பன் அந்த ஒரு ரூபாயைத் திரும்பப் பையில் போட்டான்.

*

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செல்வி முன்னால் நடந்தாள், பேச்சிராஜ் நாலடி பின்னால் வந்தான். தெருவில் தறிச் சத்தம் இருபக்கமும் கேட்டது. அவளுக்கு மனசு வெகு நாளைக்குப் பிறகு லேசாக இருந்தது. பத்து வருடமாக இந்த வீட்டில் விழுங்கியதை எல்லாம் ஒரே நாளில் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. சந்தோஷம் என்று அதைத்தான் சொல்வார்கள் போல என்று நினைத்தாள்.

வாசற்படியில் நின்று போனை எடுத்து ஆயிஷாவுக்குப் பத்தாயிரம் அனுப்பினாள். போய்விட்டது என்று பச்சை வட்டம் வந்தது. புருஷனிடம் காட்டினாள். அவன் பார்க்காமலேயே தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினான். அவன் முகத்தில் வேர்வை இருந்தது. அண்ணனுக்குப் பயந்து வேர்க்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தப் பயத்தைப் பார்க்க அவளுக்கு இளப்பமாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் ஆயிஷாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. செல்வி அதைச் சத்தமாகவே வைத்தாள்.

"செல்வி, பத்து வந்துட்டு. ஆனா நீ இப்படிப் பிரிச்சுப் பிரிச்சு அனுப்ப வேண்டாம்மா. போன புதன்கிழமை பேச்சிராஜ் அண்ணன் எங்க வீட்டுக்கு வந்து, ஒனக்குக் கேக்க வெக்கமா இருக்குன்னு ஒம் பேரச் சொல்லி நாப்பது வாங்கிட்டுப் போனாகள்லா, கோயில் காரியம்னு. அப்பவே சொல்லிட்டாக, லோன் வந்ததும் பழசு ஒன்ற லட்சம், இது நாப்பது, மொத்தமாக் கையில தந்துருதோம்னு. அத நம்பி மச்சான் துபாய்ல இருந்தே கடைக்கு அட்வான்ஸ் பேசிட்டாக. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு குடுக்கணும். அண்ணன் ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாக, அதான் ஆபீஸ்ல நான் ஒன்னும் பேசல. பணம் வந்துருச்சுன்னா ஒரு வார்த்த சொல்லு."

பதிவு முடிந்தது. தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

போன புதன்கிழமை சாயங்காலம் கடையநல்லூருக்குச் கூலிப் பாக்கி வசூலுக்குப் போனதாகவும், ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டு வந்தவன் இவன்தான். அவனுக்கு அன்று சூடாகத் தோசை சுட்டுப் போட்டவள் அவள்தான்.

வராத ஒரு கடனை மூன்று இடத்தில் செலவழித்திருக்கிறார்கள். கேட்டுக்கு ஒரு தடவை, மனைக்கு ஒரு தடவை, ஆயிஷாவுக்கு ஒரு தடவை. கடிக்காத அந்த ஒருத்தியிடமே மறுபடியும் போய்க் கை நீட்டியிருக்கிறான், அதுவும் இவள் வெட்கத்தைச் சொல்லி. எவ்வளவு கேவலமான மனுஷர்கள் இவர்கள்! அண்ணனாவது திருடுவதற்கு முன்னால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

"வாங்குனீங்களா?" என்றாள் செல்வி.

பேச்சிராஜ் தலையை ஆட்டினான்.

"அண்ணங்கிட்ட குடுத்தீங்களா?"

அதற்கும் ஆட்டினான்.

கோயிலில் அவள் மருதப்பன் முகத்தில் கரி பூசியது உண்மை. அதே கையால் ஆயிஷாவின் வெள்ளிக்கிழமையையும் அழித்துவிட்டு வந்திருக்கிறாள் என்பதும் உண்மை. கடன் வாங்கினால் நாலு வருடம் இவர்களுக்கு உழைக்க வேண்டும். வாங்காவிட்டால் பதினெட்டு வருடம் வெயிலில் நின்ற மனுஷர் வெள்ளிக்கிழமை பஜாரில் வெறுங்கையோடு நிற்பார். நடுவில் இரண்டே நாள்தான் இருக்கிறது.

டிவிப் பெட்டி மேல் விண்ணப்பம் அப்படியே இருந்தது. செல்வி அதை எடுத்தாள். பையிலிருந்து பேனாவையும் எடுத்தாள். பேச்சிராஜ் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. எப்படியும் கடைசியில் இவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்ற தெளிவு அது. பத்து வருடமாக அவன் சாப்பிட்டது அந்தத் தெளிவைத்தான்.

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஆபீசில் நோட்டு எழுதுகிற அதே கையெழுத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினாள். என் மனைவிக்குத் தெரியாமல் அவள் பேரைச் சொல்லி ஆயிஷா சித்திகாவிடம் நாற்பதாயிரம் ரூபாய் வாங்கி என் அண்ணன் மருதப்பனிடம் கொடுத்தேன். தேதி போட்டாள். கீழே மருதப்பன் போட்ட மாதிரியே ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"இதுல கையெழுத்துப் போடுங்க. சண்முகையா அண்ணாச்சி இன்னும் கோயில்லதான் இருக்காரு, அவருகிட்ட இதக் காட்டி நாப்பதாயிரத்த ஒங்க அண்ணங்கிட்ட கேப்போம்" என்றாள்.

பேச்சிராஜ் அந்த எழுத்தைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவன் தலை ஆடவில்லை.